உஷார்! புண் வலிக்கவில்லை என்கிறாரா அப்பா?

வீட்டில் சுகர் உள்ள பெரியவர் இருக்கிறாரா? இன்று ராத்திரி அவர் படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள்! கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் சொல்வார்.

காசிமேட்டுப் பெரியவர் ஒருவர். வயது 70ஐ நெருங்குகிறது. மீன் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி காலில் ஏறியது. பல வருடச் சுகரில் மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவே இல்லை. அதே காலோடு நாலு நாள் மீன் தண்ணீரில் நடந்தார். வீட்டில் காப்பித்தூளை அப்பினார்கள். சீழ் நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

வார்டில் சேர்த்தாயிற்று, இனி பயமில்லை என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, "போட்டு கெளம்பிடுச்சா? வலைய எடுடா" என்று அவர் பிதற்ற ஆரம்பித்தார். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. வயசான பேச்சு என்று மகன் விட்டுவிட்டார்.

அது வயசு இல்லை! கிருமியின் தாக்கம் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. விடியும்போது மூச்சு வாங்கியது, மூத்திரப் பையில் சொட்டு இல்லை. உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் கிருமி பரவும். தெளிவாகப் பேசியவர் குழம்பினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், மூச்சு வேகமானால், கை கால் சில்லிட்டால், சிறுநீர் குறைந்தால் அது ஆபத்து. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவதும், தோல் கறுப்பதும், கட்டு நாறுவதும் அப்படித்தான்.

எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் தண்ணீர் பட்டதா, மீன் முள் குத்தியதா? டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி வாழும். சுகரோ கல்லீரல் கோளாறோ உள்ளவருக்கு அது ஒரே நாளில் சதையை அழித்துவிடக்கூடும். அதற்குக் கொடுக்கும் மருந்தும் வேறு.

ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்களே, கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பக்கத்துக் கட்டிலுக்கு உதவப் போனாலும் கழுவிவிட்டுப் போங்கள், உங்கள் கையிலேயே கிருமி போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வையுங்கள். இடுப்பிலோ குதிகாலிலோ சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள், அங்கே படுக்கைப் புண் தொடங்குகிறது. அந்தக் காசிமேட்டுப் பெரியவருக்கு நல்ல காலின் குதியும் இப்படித்தான் புண்ணானது. ஒரு புண்ணுக்குப் போய் இரண்டு புண்!

ராத்திரி வார்டில் ஒரே சிஸ்டர் எத்தனையோ கட்டிலைப் பார்க்கிறார். தொந்தரவு என்று தயங்காதீர்கள். பிதற்றல் தொடங்கினால் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108. விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.