அங்க அடையாளம்: இரண்டு வரிகள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் டி.என்.ஏ. விரல்ரேகைத் தொழில்நுட்பம் நடத்தும்போது, குற்றவாளியைக் கண்டறிதல், பெற்றோரை உறுதிசெய்தல் என்று பயன்களை வழக்கம்போல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடலோரக் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"சார், எங்க தாத்தா சுனாமியில காணாமப் போயிட்டாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. உடம்பு கெடைக்கவே இல்லன்னு ஆயா சொல்லும். அப்ப இந்த டெஸ்டு இல்லையா சார்?"

இருந்தது. அலெக் ஜெஃப்ரிஸ் இங்கிலாந்தில் இம்முறையைக் கண்டறிந்தது 1984இல். ஐதராபாத்தில் லால்ஜி சிங் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியாவுக்கென ஒரு முறையை உருவாக்கிவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று நம்மிடம் இல்லாதது சோதனை அல்ல, அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய வேலைக்கான ஒழுங்கு. நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கான உடல்கள். கொள்ளைநோய் வரும் என்ற அச்சத்தில் பலவற்றை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவது மிக அரிது என்பதை உலக சுகாதார நிறுவனம் பலமுறை விளக்கியிருக்கிறது. அன்று களத்தில் நின்றவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் கையில் வழிகாட்டி நூல்கூட இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இறந்தோர் உடல்களைக் கையாள்வது பற்றித் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது 2010இல்தான்.

அதே அலை அடித்த தாய்லாந்தின் புக்கெட் பகுதியில் பல நாட்டு நிபுணர்கள் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்தார்கள். உடலுக்குள் அரிசிமணி அளவுள்ள சில்லு ஒன்றைப் பொருத்தி, கருவியால் அதன் எண்ணைப் படித்தார்கள். எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். முகப்புத்தாளும் விடைத்தாளும் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? இங்கும் அப்படித்தான். உடல், அதன் புகைப்படம், சட்டைப்பையில் இருந்த சாவி, எடுத்த பல், எல்லாவற்றுக்கும் ஒரே எண். அந்த எண் ஓரிடத்தில் மாறினாலும் மிகச் சிறந்த ஆய்வகத்தால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

உறவினர் வந்து பார்த்துச் சொன்னால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. நீரில் கிடந்த முகம் இரண்டு நாளில் மாறிவிடும். அழுதுகொண்டே பார்க்கும் கண்ணும் தவறும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளானபோது, ஒரே உடலை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தங்களுடையது என்றன. டி.என்.ஏ. பார்த்துத்தான் தீர்க்க முடிந்தது. கடைசியில் யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் புவனேஸ்வரில் தகனம் செய்தார்கள். இந்த விபத்தில் நம் தொழிலைத் தொடும் ஒரு செய்தியும் உண்டு. முதலில் உடல்களை வைத்தது பஹானகா உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில். பிறகு பிள்ளைகள் உள்ளே வர அஞ்சியதால் அந்தப் பழைய கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் முதன்மையாக ஏற்பது மூன்று: விரல்ரேகை, பல், டி.என்.ஏ. தழும்பு, மச்சம், பச்சை குத்தியது, உடை, நகை எல்லாம் துணைச் சான்றுகள். மேல்நாட்டில் பல் மருத்துவரிடம் எல்லோருக்கும் பதிவேடு இருக்கும். நம் ஊரில் பல் வலித்தால் கிராம்புதான். ஆகவே நாம் பெரிதும் டி.என்.ஏ.வையே நம்ப வேண்டியிருக்கிறது.

அதை வகுப்பில் விளக்க நான் துண்டுச்சீட்டுகளைப் பயன்படுத்துகிறேன். டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துவரிசை திரும்பத் திரும்ப வரும்; எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். தந்தைச் சீட்டில் 8, 12. தாய்ச் சீட்டில் 10, 15. பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று: 12, 10 இருக்கலாம், 8, 12 வரவே முடியாது. ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்துபவர் வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள். இருபது இடம் பார்த்தால் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். உடன்பிறந்தவர்களுக்கோ ஓரிடத்தில் ஒன்றுமே பொருந்தாமல் போகவும் கால்பங்கு வாய்ப்பு உண்டு. முகாமில் முதலில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இரத்தம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். இந்த இடத்தில் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுவதில்லை.

2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் உடல்களும் உடற்பகுதிகளும் சாலியாற்றில் நிலம்பூர் வரை அடித்துச் செல்லப்பட்டன. அடையாளம் தெரியாதவற்றைப் புத்துமலையில் அடக்கம் செய்தபோது தனித்தனிக் குழி, ஒவ்வொன்றுக்கும் எண், ஆய்வகத்தில் அதே எண்ணில் மாதிரி. பிறகு முடிவு வர வர, எண் இருந்த இடத்துக்குப் பெயர் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புத்துமலைக்கு இருபது ஆண்டு ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் வந்து, "தாத்தாவுக்கு வலது புருவத்து மேல தழும்பு இருந்துச்சாம் சார், படகுல அடிபட்டது. அதை எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்களா?" என்றாள்.

எழுதி வைக்கும் இடம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்களுக்கு இரண்டு வரி. ஒருமுறை, ஜூன் மாத அவசரத்தில், ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு 'வலது கையில் ஒரு மச்சம்' என்று பார்க்காமலே எழுதியவன் நான். விழுப்புரத்தில் ஒரு பயிற்சியின் தேநீர் இடைவேளையில் இதைச் சொன்னபோது, மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் அப்படி எழுதியிருந்தோம்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒவ்வொருவராக அழைத்து, கையையும் முகத்தையும் பார்த்து எழுதினேன். பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவர் உதவினார். மொத்தம் இரண்டு பாடவேளை ஆயிற்று. அந்த மாணவிக்கு இடது முழங்கைக்குக் கீழே அரை அங்குல நீளத்தில் தீக்காயத் தழும்பு.