பார்க்கின்சன் நோயும் நீரிழிவு மருந்து எக்செனடைடும்

ஒரு நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்துவது மருந்து மறுபயன்பாடு எனப்படும். மனிதருக்கு அம்மருந்து எவ்வளவு பாதுகாப்பானது என்பது முன்பே தெரிந்திருப்பதால் காலமும் செலவும் மிச்சமாகின்றன. இன்ஃப்ளுயன்சா மருந்தாக இருந்த அமன்டடின், பார்க்கின்சன் நோய்க்கும் உதவுவது 1969-இல் இவ்வாறே அறியப்பட்டது. நீரிழிவு மருந்தான எக்செனடைடும் இதே வழியில் ஆராயப்பட்டது.

நோயின் தன்மை

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தார். நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் கை நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் ஆகியவை தோன்றுகின்றன. லெவோடோபா என்னும் மருந்து டோபமின் குறைவை ஈடுசெய்து அறிகுறிகளைத் தணிக்கிறது. ஆனால் நரம்பணுக்களின் அழிவைத் தடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. புதிய மருந்துகளைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

பல்லியிலிருந்து வந்த மருந்து

உணவு உண்டபின் நமது குடலில் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர் சுரந்து, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. ஆனால் அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் ஜான் எங், கிலா என்னும் நச்சுப்பல்லியின் நச்சில் இதைப் போன்று செயல்படும், எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டறிந்தார். அதன் செயற்கை வடிவமே எக்செனடைடு. இது 2005-இல் அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒப்புதல் பெற்றது.

ஜிஎல்பி-1 ஏற்பிகள் மூளையிலும் உள்ளன. விலங்குகளில் செய்த சோதனைகளில் எக்செனடைடு நரம்பணுக்களைக் காப்பதாகத் தெரிந்தது.

மனிதரில் ஆய்வுகள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் ஃபோல்டினி குழுவின் ஆய்வு 2017-இல் வெளியானது. ஏறத்தாழ 60 பேர் வாரம் ஒரு முறை எக்செனடைடு ஊசியோ போலி மருந்தோ 48 வாரங்கள் பெற்றனர். மருந்தை நிறுத்தி 12 வாரங்கள் கழித்தும், 132 புள்ளிகள் கொண்ட அசைவு அளவுகோலில் எக்செனடைடு குழு 3.5 புள்ளிகள் மேலான நிலையில் இருந்தது. 2024-இல் பிரான்சில் 156 பேரிடம் நடந்த ஆய்வில், இதே வகை மருந்தான லிக்சிசெனடைடு எடுத்தவர்களின் அசைவுத்திறன் ஓராண்டில் ஏறக்குறைய மாறவில்லை. போலி மருந்து எடுத்தவர்களுக்கு 3 புள்ளிகள் மோசமானது. எனினும் மருந்து எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினருக்குக் குமட்டல் ஏற்பட்டது.

அடுத்து, ஃபோல்டினி குழு 194 பேரை 96 வாரங்கள் ஆராய்ந்தது. 2025-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. எக்செனடைடு நோயின் போக்கைக் குறைக்கவில்லை.

அறிய வேண்டியவை

சிறிய ஆய்வில் தெரியும் நன்மை தற்செயலாகவும் அமையலாம். அதனால்தான் அதிகமானவர்களிடம், நீண்ட காலம் சோதித்த பிறகே ஒரு மருந்து ஏற்கப்படுகிறது. மூளையை நன்கு சென்றடையும் இவ்வகை மருந்து பலன் தருமா என்பது இன்னும் விடை காணவேண்டிய கேள்வி.

பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு உடல் எடை தானாகவே குறையும். ஜிஎல்பி-1 வகை மருந்துகள் பசியையும் எடையையும் மேலும் குறைக்கும். ஆகவே செய்தியைப் படித்துவிட்டு இவற்றைத் தாமாக வாங்கிப் பயன்படுத்துவது தீங்காகலாம். இந்நோய்க்கு உடற்பயிற்சியும் மருத்துவர் குறித்த நேரத்தில் தவறாமல் எடுக்கும் லெவோடோபாவும் இன்று பயன் உறுதியானவை.