அக்கா வீட்டு பாய்லர்

2025 ஜனவரியில், லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை. தாதியான அக்கா இரவுப் பணி முடிந்து வந்து குழாயைத் திறந்தார். பனிக்கட்டியாய்த் தண்ணீர். சமையலறை அலமாரிக்குள் இருந்த பாய்லரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

நமக்கு ஹீட்டர் என்றால் குளியலறையோடு முடிந்துவிடும். அங்கே பாய்லர்தான் வீட்டின் அடுப்பு. எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சுடவைத்து, ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும். பிரிட்டனில் பத்து வீடுகளில் எட்டுக்கும் மேல் இப்படித்தான். அது நின்றால் வீடே நின்ற மாதிரி. அன்று வெளியே 2 டிகிரி. உள்ளே நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்.

மாலையில் வந்த தொழில்நுட்பர், 17 வருடப் பழைய பெட்டி என்றும் இனிமேல் நம்பமுடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஆரம்பித்தது சண்டை.

“இன்னொரு கேஸ் பாய்லரைப் போடு. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சிரும்” என்றார் அத்தான்.

“இந்த வீட்டுல இனிமே கேஸ் வேண்டாம். எலெக்ட்ரிக் போடுங்கப்பா. புகையே வராது” என்றாள் 15 வயது மருமகள்.

அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு, “எதையாவது போடுங்க, எனக்குத் தூங்கணும்” என்றார்.

“மச்சான், நீதான் கணக்குல புலி. சொல்லு பாப்போம்” என்று அத்தான் என் தலையில் கட்டினார். கையில் கையுறையோடு மடிக்கணினியைத் திறந்தேன்.

அவர்கள் கட்டணச் சீட்டில் ஆண்டுக்குச் சுமார் 11,500 யூனிட் எரிவாயு. யூனிட் என்பது நம் மின்கட்டணத்தில் வரும் அதே கிலோவாட் மணிதான். ஒரு யூனிட் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 0.18 கிலோ கரியமில வாயு. ஆக ஆண்டுக்கு 2 டன்னுக்கும் சற்று அதிகம். அதிலிருந்து வீட்டுக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 10,000 யூனிட், மீதி புகைபோக்கி வழியே போய்விடும்.

மருமகள் கேட்ட மின்சார பாய்லர், பெரிய அளவிலான கெட்டில்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம். வீட்டில் புகை வராது என்பது உண்மை. ஆனால் மின்நிலையத்தில் வருகிறதே! அந்த நாட்டு அரசாங்கக் கணக்கில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.2 கிலோ. பெருக்கினால் மறுபடியும் 2 டன். கட்டணமோ எங்கேயோ போகிறது. எரிவாயு யூனிட் 6 பென்ஸுக்குச் சற்று மேல், மின்சாரம் ஏறக்குறைய 25 பென்ஸ். 730 பவுண்டு கட்டிய இடத்தில் 2,500 பவுண்டு. மருமகளின் முகம் வாடிவிட்டது.

ஆனால் அவள் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. 2012இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு நிலக்கரியில் இருந்து வந்தது. கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடிவிட்டார்கள். காற்றாலைகள் கூடக் கூட மின்சாரத்தின் புகை குறைகிறது. எரிவாயுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று பொருத்தும் பாய்லர் 15 வருடம் கழித்தும் யூனிட்டுக்கு அதே 0.18 கிலோதான். குழாய்களில் கசியும் மீத்தேன் தனிக் கணக்கு. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது, ஹீட் பம்ப். நம் ஏர்கானை உள்வெளியாகத் திருப்பி வைத்தால் அதுதான். வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் இழுத்து உள்ளே தள்ளும். மின்சாரத்தை வெப்பமாக மாற்றாமல், வெப்பத்தை இடம் மாற்ற மட்டும் செலவழிப்பதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வரை கிடைக்கும். அக்கா வீட்டுக்கு 3,400 யூனிட் மின்சாரம் போதும். 0.7 டன் புகை, 850 பவுண்டு. எரிவாயு இணைப்பையே துண்டித்தால் அதற்குக் கட்டும் அன்றாட நிலைக்கட்டணம் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல் மிச்சம்.

“அப்ப அதையே போட்டுடலாமே!” என்றாள் மருமகள். அவ்வளவு சுலபமில்லை. அரசாங்கம் 7,500 பவுண்டு மானியம் தந்தாலும் கையில் இருந்து 5,000க்கு மேல் போகும். வீட்டை அளந்து பார்க்க வேண்டும், சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டும், சுடுநீர்த் தொட்டி வைக்க இடம் வேண்டும். அதற்குப் பொருத்தமான ஒரே இடம் மாடிப்படிக்குக் கீழே, அக்காவின் அரிசி மூட்டையும் கிரைண்டரும் இருக்கும் அலமாரி. தூக்கக் கலக்கத்திலும் அக்காவுக்கு அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. “என் கிரைண்டர் எங்க போறது?”

எல்லாம் முடிய வாரக்கணக்காகும். பாய்லர் கெடுவது பெரும்பாலும் குளிரில்தான். குளிரில் நடுங்குகிறவன் நாளைக்கே கிடைப்பதைத்தான் வாங்குவான். பழைய வகையே திரும்பத் திரும்ப வீட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கடைசியில் வேறொரு தொழில்நுட்பர் பழைய உதிரிபாகம் ஒன்றைத் தேடிப் பொருத்தினார், 240 பவுண்டு. போகும்போது, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 75 டிகிரியில் இருந்து 55க்குக் குறைத்துவிட்டார். திரும்பி வரும் தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் வீட்டுக்குக் கிடைக்குமாம். இத்தனை வருடம் அந்தப் பொத்தானை யாருமே தொட்டதில்லை! வீடு சூடாக நேரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் திரும்பும் விமானத்தில் எங்கள் வீவக வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ. மின்நிலையத்தில் எரிவாயுவை எரித்து, ஏறக்குறைய பாதி வெப்பத்தைத் தொலைத்து மின்சாரமாக்கி, அதை என் குளியலறையில் மறுபடியும் வெப்பமாக்குகிறோம். குரோய்டனில் கெட்டிலும் எரிவாயுவும் சரிசமம். இங்கே கெட்டில் இரண்டு மடங்கு புகை. அதைவிடக் கொடுமை, 32 டிகிரி வெயிலில் எங்கள் வீட்டுத் தொட்டி ஹீட்டரின் விளக்கு நாள் முழுக்க எரிந்துகொண்டிருப்பது.

அந்தக் கோடையில் அக்கா வீட்டுக் கூரைக்குள் வெப்பக்காப்பு போட்டார்கள். ஹீட் பம்ப்புக்கு அளவெடுக்க ஜூலையில் ஆள் வந்துபோனார். கிரைண்டர் அலமாரியைவிட்டு வெளியேறிவிட்டதாம். இப்போது அது அத்தானின் மேசை மேல் இருக்கிறது.