இணையவழிக் கற்கையில் வழி தவறும் மாணவர்கள்

2020 மார்ச் மாதத்தில் கொவிட்-19 காரணமாகப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, கம்பளைப் பிரதேச மாணவர்களும் கையடக்கத் தொலைபேசியையே நம்பிக் கற்க நேர்ந்தது. சமிக்ஞை கிடைப்பதில்லை, தொலைபேசி வாங்க வசதியில்லை என்ற குறைகள் அன்று பரவலாகப் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத குறையொன்றும் இருந்தது. தளத்தினுள் நுழைந்த பின்னரும் பாடம் எங்கே, ஒப்படையை எங்கே சமர்ப்பிப்பது என்பது புரியாமல் தடுமாறியோர் உண்டு. அவர்கள் தம் அறியாமையையே நொந்துகொண்டனர். குறை அவர்களிடத்தில் இருக்கவில்லை என்பதே எமது கருத்தாகும்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் கற்றல் தளமும் 'மூடில்' எனும் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தி வந்துள்ளன. அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வானொலி மூலம் பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர். எனவே தொலைவிலுள்ள மாணவனின் சிரமம் அவர் அறியாததன்று. ஆயினும் உலகெங்குமிருந்து புதிய வசதிகள் வந்து சேரச் சேர, மென்பொருள் நெரிசலாகியது. 2010 இல் வந்த 2.0 பதிப்பில் வழி காட்டுவதற்கொரு பெட்டி, அமைப்புகளுக்கொரு பெட்டி எனப் பக்கத்தின் ஓரத்தில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கிளைக்குள் கிளையாக விரியும். கணினித் திரையில் ஒருவாறு சமாளிக்கலாம். தொலைபேசியிலோ ஓரத்துப் பெட்டிகள் பாடத்திற்கும் கீழே தள்ளப்பட்டுவிடும்.

2022 ஏப்ரலில் வெளியான 4.0 பதிப்பில் இந்த ஒழுங்கு அடியோடு மாற்றப்பட்டது. கம்பளை பஸ் நிலையத்தில் முதன்முறையாக இறங்குபவர் தாம் நிற்கும் இடத்தையும், கண்டிக்கோ நாவலப்பிட்டிக்கோ செல்லும் பஸ்ஸையுமே முதலில் தேடுவார். பஸ்ஸின் இயந்திரம் அவருக்குத் தேவையில்லை. புதிய அமைப்பும் இவ்வாறே சிந்திக்கின்றது. தளம் முழுவதற்குமான இணைப்புகள் திரையின் உச்சியில் உள்ளன. திறந்திருக்கும் பாடநெறிக்குரியவை அதன் கீழே தனி வரிசையில் வருகின்றன. இடப்புறம் விரியும் பொருளடக்கத்தில் மாணவர் இருக்கும் இடம் வேறுபடுத்திக் காட்டப்படும். முடித்த பயிற்சிகளுக்கு அடையாளமும் இடப்படும். தமக்குரிய பாடநெறிகளை மாத்திரம் காண்பதற்கும் தனிப்பக்கம் உண்டு.

மாற்றத்திற்கு விலையும் இருந்தது. பல வருடங்களாகப் பழகிய ஆசிரியர்கள் நேற்றுவரை இருந்த பொத்தானைக் காணாது திகைத்தனர். இடம் போதாதபோது சில இணைப்புகள் 'மேலும்' என்பதன் பின்னால் மறைவதும் புதியவருக்கு உகந்ததன்று. சிறு திரையில் அது இன்னும் அதிகமாகவே நிகழும். பழைய ஒழுங்கையே விரும்பும் நிறுவனங்களுக்காக 'கிளாசிக்' எனும் தோற்றத்தை மூடில் உடன் வழங்கியது நல்ல முடிவு. திடீரென யாரையும் தெருவில் விட்டுவிடவில்லை.

எனினும் வழிகாட்டிப் பலகையை எங்கே நாட்டினாலும், அதிலுள்ள எழுத்து விளங்காவிட்டால் பயனில்லை. எமது பிரதேசத்தில் தமிழ் மொழிமூலம் கற்கும் தமிழ், முஸ்லிம் மாணவர்களைப் பொறுத்தவரை இதுவே பெரிய பிரச்சினை. உயர்தரம் வரை தமிழில் கற்றுப் பேராதனைக்குச் சென்று பொறியியல் பயில்பவர், ஆங்கில மொழிமூலத்தையும் அறிமுகமற்ற இந்த மென்பொருளையும் ஒருங்கே சந்திக்கின்றார். மூடிலுக்குத் தமிழ்ப் பொதி உண்டு. ஆனால் தமிழகத்தில் வழங்கும் சொல் இங்கு எப்போதும் விளங்குவதில்லை. நாம் 'ஒப்படை', 'தவணை', 'கையடக்கத் தொலைபேசி' என்று சொல்லிப் பழகியவர்கள்.

திறந்த மூலம் என்பதன் பயன் இங்கேதான் தெரிகின்றது. இம்மென்பொருளின் மொழிபெயர்ப்புகளுக்கான தளத்தில் எவரும் பெயர் பதிந்து திருத்தங்களை முன்மொழியலாம். அந்த மொழிக்குப் பொறுப்பானவர் ஏற்றதும் அவை பொதியில் சேரும். அதற்குக் காத்திருக்கவும் அவசியமில்லை. தளத்தை நிர்வகிப்பவர் தமது தளத்தில் மாத்திரம் எந்தச் சொல்லையும் மாற்றுவதற்கு மென்பொருளுக்குள்ளேயே வசதி உண்டு. பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரு பிற்பகல் சேர்ந்து அமர்ந்தால், மாணவர் அன்றாடம் காணும் முக்கிய சொற்களையேனும் மாற்றிவிடலாம். மாற்றிய பின் ஆறாம் தர மாணவர் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஒப்படையைச் சமர்ப்பிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.