உங்களுக்குத் தெரியுமா? உருளைக்கு மண் பக்குவம்

● உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. அதற்கு இடம் கொடுக்கும் பொலபொலப்பான மண் வேண்டும். கட்டியும் கல்லும் கிடந்தால் கிழங்கு கோணல்மாணலாக விளையும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

● பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாத புளிப்பு மண்ணை உருளை தாங்கிக்கொள்ளும். அமில-கார நிலை 5.2-க்குக் கீழே இருந்தால், தோலைச் சொரசொரப்பாக்கும் சொறி நோயும் குறையும். மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் அந்த நோய்க்கு நாமே வழிவிட்டதாகும்.

● தொழு உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். கடைசி உழவில் அதைப் போட்டு மண்ணோடு கலந்துவிடலாம். பச்சைச் சாணம் சொறி நோயைக் கூட்டும்.

● பார் பிடித்து நட்டு, செடி வளர வளர மண் அணைக்க வேண்டும். வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அதில் சோலனின் என்ற நச்சுப்பொருளும் சேரும்.

● நீலகிரி உருளைக்குப் பெரிய தலைவலி முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1961-இல், ஊட்டியில். ஒரே கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளை நடாவிட்டாலும் அவை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் அதே நிலத்தில் மறுபடி உருளை போடாமல் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிடச் சொல்கிறார்கள். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் இந்தக் கூடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். கருவிகளைக் கழுவிவிட்டு வயலில் இறங்குங்கள்!