வறுத்த பயறும் முளைக்கும்!

திங்கட்கிழமை காலையில் எந்த ஆபீஸ் கேன்டீனிலும் காதைக் கொடுத்துப் பாருங்கள். "என்னத்த சார்... ஒண்ணும் உருப்படப் போறதில்லை!" என்று ஒரு குரல் கேட்கும். டீயில் சர்க்கரை குறைச்சல் என்று ஆரம்பிக்கும் பேச்சு இன்க்ரிமென்ட், டிராஃபிக், அரசியல் என்று ஒரு ரவுண்டு வரும். டம்ளர் காலியாவதற்குள் உலகமே அழிந்திருக்கும்! வாரம் பூரா வறுபட்ட மனசு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் துளிர்ப்பதில்லை.

வறுபட்டதைத் துளிர்க்க வைக்கவே ஒரு ஊர் இருக்கிறது. திருப்புட்குழி! காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டிசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கம்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி. பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்களாம். விடிந்ததும் பயறு முளை விட்டிருந்தால் வரம் கிடைத்த மாதிரி! நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம். வறுத்ததும் முளைக்கும் என்று ஒரு ஊரே காலங்காலமாகச் சொல்கிறதே, அதுதான் விசேஷம்.

ஊர்ப் பெயரில் இன்னொரு சேதி. 'புள்' என்றால் பறவை. சீதையைக் காப்பாற்றப் போராடி உயிரை விட்ட ஜடாயுவுக்கு ராமன் இங்கேதான் ஈமக்கடன் செய்தான் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்று பெயர். அப்போது ராமனின் நிலைமை என்ன? ராஜ்ஜியம் போச்சு. பெண்டாட்டியையும் காணோம். 'என் கஷ்டமே தலைக்கு மேலே இருக்கு, இதிலே கழுகுக்குக் காரியமா?' என்று போயிருக்கலாம். போகவில்லை. ஒரு மகன் செய்ய வேண்டியதை உட்கார்ந்து செய்தான். அதற்கப்புறம்தான் கதையில் அனுமனும் சுக்ரீவனும் வருகிறார்கள்!

இதே ஊரில்தான் யாதவப்பிரகாசரிடம் பாடம் படித்தார் ராமானுஜர். 1017-ல் பிறந்தவர், அப்போது வாலிப வயசு. பாடத்துக்கு அர்த்தம் சொல்வதில் வாத்தியாருக்கும் சீடருக்கும் முட்டிக்கொண்டது. காசி யாத்திரைக்கு அழைத்துப் போய்த் தீர்த்துக்கட்டவே திட்டம் போட்டார்கள் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். தப்பித்துக் காஞ்சிக்குத் திரும்பினார். நம்பிய குருவே இப்படி என்றால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது? அவர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. சாலைக் கிணற்றிலிருந்து தினம் ஒரு குடம் தண்ணீர் எடுத்துப்போய் வரதராஜப் பெருமாளுக்குக் கொடுத்தார். ஒரு குடம், அவ்வளவுதான். பிற்பாடு கோடிப் பேருக்கு வழி காட்டியவர் அங்கிருந்துதான் எழுந்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார்!" என்கிறீர்களா? 2020 ஏப்ரல் 19-க்கு வாருங்கள். சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். நோய் பரவிவிடும் என்ற பயத்தில், அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் கல்லும் கட்டையுமாக வந்து அடித்தது. அவருடைய சிநேகிதர் டாக்டர் பிரதீப்குமார் தானே ஆம்புலன்ஸை ஓட்டிப் போனார். இரண்டு ஊழியர்களோடு, நள்ளிரவில், தானே மண்வெட்டி பிடித்து நண்பரை அடக்கம் செய்தார். தமிழ்நாடே தலைகுனிந்த ராத்திரி அது. ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. அதே மாதம், அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த உடல்களை, தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை மாட்டிக்கொண்டு, அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஊருக்கு ஊர் புது ஜடாயு, புது ராமன்!

'நம்பிக்கை வரட்டும், அப்புறம் நாலு பேருக்கு நல்லது செய்யலாம்' என்று காத்திருப்பது, நீச்சல் கற்றுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவேன் என்கிற மாதிரி. நடப்பது தலைகீழ். மாற்ற முடியாத விஷயங்களையே நினைத்துக்கொண்டிருந்தால் மனசு சுருங்குகிறது. ஒரே ஒரு காரியம் நம் கையால் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், 'அட, இது முடியுதே!' என்று நிமிர்கிறது.

பெரிய தியாகமெல்லாம் வேண்டாம். வயசு 18 ஆகி, எடை 45 கிலோ இருந்து, உடம்பும் நன்றாக இருந்தால், ஆண்கள் மூன்று மாசத்துக்கு ஒரு தரம் ரத்தம் கொடுக்கலாம். உழவாரப் பணிக் குழுவோடு போய்ப் பாழடைந்த கோயிலில் புல் செதுக்கலாம். சாமி நம்பிக்கை இல்லையா? பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக் கொடுங்கள். முதல் வாரம் முதுகு வலிக்கும். 'உனக்கு ஏண்டா இந்த வேலை?' என்று வீட்டில் கேட்பார்கள். மூணாவது வாரம் அந்தப் பிள்ளை மீதி வராமல் கணக்கை முடித்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும் பாருங்கள்... இன்க்ரிமென்ட் வந்த அன்றைக்குக்கூட நீங்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டீர்கள்!