புளித்தண்ணீரும் பக்கம் மாறும் முள்ளும்

ஜவ்வாது மலையில் புளிக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள புதூர்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே, அந்தப் புளியை வைத்து, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் கால்வனாமீட்டர் செய்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் கெட்டியாகக் கரைத்த புளி. அதில் ஒரு செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஓர் ஆணி. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நின்றால் அது மின்கலம். செம்பு நேர்முனை, ஆணி எதிர்முனை.

தீப்பெட்டியின் உள்தட்டில் சிறிய திசைகாட்டி ஒன்றை வைத்து, இனாமல் பூசிய மெல்லிய கம்பியை நீளவாக்கில் 100 சுற்று சுற்றுங்கள். முள் தெரிய நடுவில் இடைவெளி விடுங்கள். சுற்றுகள் முள்ளின் போக்கிலேயே, தெற்கு வடக்காக இருக்கட்டும். நுனி இனாமலைச் சுரண்டிக் கலத்தோடு இணைத்தால் முள் ஒதுங்கும். இணைப்பை மாற்றினால் மறுபக்கம் ஒதுங்கும். (டம்ளரைத் தள்ளி வையுங்கள். ஆணிக்குள் இருப்பது இரும்பு. முள் மின்சாரத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்கத் தொடங்கிவிடும்.)

கம்பியில் மின்சாரம் ஓடினால் காந்தமுள் திரும்பும் என்று 1820இல் எழுதியவர் டென்மார்க்கின் எர்ஸ்டெட். முள்ளுக்கு மேலே தெற்கிலிருந்து வடக்காக மின்னோட்டம் போனால் வடமுனை மேற்கே விலகும். அதே கம்பி கீழே போனால் கிழக்கே.

அப்படியானால் ஒரு சந்தேகம் வரவேண்டும். நம் தீப்பெட்டியில் கம்பி மேலேயும் போகிறது, கீழேயும் போகிறது. ஒன்று மேற்கே இழுக்க, மற்றது கிழக்கே இழுத்து முள் சும்மா நிற்காதா? நிற்காது. மேலே வடக்கு நோக்கிப் போன மின்னோட்டம், வளைந்து கீழே வரும்போது தெற்கு நோக்கி ஓடுகிறது. பக்கம் மாறியது, திசையும் மாறியது. இரண்டு மாற்றமும் சேர்ந்தால் பழைய கணக்குதான். மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டும் மேற்கேதான் தள்ளும். ஒவ்வொரு சுற்றும் தன் பங்கைச் சேர்க்கும். அதே 1820இல் ஜெர்மானியர் ஷ்வைகர் இப்படிச் சுற்றித்தான் விலகலைப் பெருக்கினார்.

ஆனாலும் பூமி விடாது. இந்த மலைப்பகுதி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் முள்ளை வடக்கே பிடித்து வைக்கும் கிடைமட்டப் புலம் இங்கே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. லண்டனில் இதில் பாதிதான். புளிக்கலம் ஒரு மில்லி ஆம்பியர் கொடுத்தால் நம் முள் நாலைந்து பாகைதான் நகரும்.

பள்ளி ஆய்வகக் கால்வனாமீட்டரில் காந்தம் அசையாது. சுருள்தான் திரும்பும், சுருள்வில் மீட்டு இழுக்கும். அளவுகோலில் சுழி நடுவில், இருபுறமும் 30. மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றில் இந்தக் கால்வனாமீட்டரை இணைத்து, தொடுசாவியை முதலில் கம்பியின் இரு கோடிகளிலும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். முள் ஒரு கோடியில் இடமும் மறுகோடியில் வலமும் ஓடினால் இணைப்பு சரி. முள் சுழியில் நிற்கும் சமன்புள்ளி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.